செயின்சாவில் செயினுக்கு ஆயில் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர்ப் பக்கம் எங்கள் பட்டறைக்கு வரும் பெட்ரோல் செயின்சாக்களில் (மரம் அறுக்கும் மெஷின்) அதிகம் கேட்கும் குறை ஒன்றுதான்: “மெஷின் நல்லா ஓடுது, ஆனா செயினுக்கு ஆயில் வரலை.” 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டபோதுதான் நான் முதன்முதலில் இந்த மெஷினைக் கையில் எடுத்தேன். செயினுக்குத் தனியாக ஆயில் ஊற்ற வேண்டும் என்றுகூட அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, புதிதாக மெஷின் வாங்கிய பலர் அதே இடத்தில் நின்றார்கள். அவர்கள் கேட்டதையும் எங்கள் பட்டறையில் தினமும் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆயில் வரவில்லை என்றதும் எல்லோரும் பம்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். வீராணம் பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஏரி மதகையா உடனே பிரிக்கிறோம்? வாய்க்காலைத் தூர்வாரிப் பார்ப்போம். மெஷினிலும் அப்படியே கடைமடையில் தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடு, அதைத்தான் ‘பார்’ என்கிறோம். அப்புறம் ஆயில் வரும் துளை, டியூப், ஃபில்டர், டேங்க். பம்பு கடைசியில்தான்.

ஆயில் வருகிறதா இல்லையா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

ஒரு செய்தித்தாளைத் தரையில் விரித்து, மேலே கல்லை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். தாள் இல்லையென்றால் புதிதாக அறுத்த அடிமரத்தின் வெளுத்த முகம் போதும். பார் முனையை அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஆக்சிலேட்டரை முக்கால் பங்கு அழுத்தி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓட்டுங்கள். எண்ணெய்த் துளிகள் மெல்லிய கோடு போட்டதுபோல விழ வேண்டும். முனை மண்ணில் பட்டுவிடக் கூடாது. நம் கடலோரத்து மணலில் ஒரே ஒரு தடவை பட்டாலும் செயினின் கூர் போய்விடும்.

டேங்கைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். நம் ஊரில் அதிகம் புழங்கும் 58 சிசி மெஷின்களில் பெட்ரோல் டேங்க் 550 மி.லி., ஆயில் டேங்க் 260 மி.லி. பிடிக்கும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயிலும் ஏறக்குறைய அடிமட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். பெட்ரோல் காலி, ஆயில் மட்டும் ஊற்றிய அளவிலேயே இருக்கிறது என்றால் தாள் வைத்துச் சோதிக்கவே தேவையில்லை.

ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டும் இல்லை. பம்ப் போய்விட்டதா?

போயிருக்க வேண்டியதில்லை. பல மெஷின்களில் பம்பைச் சுற்றுவது கிளட்ச் டிரம்தான், அதாவது செயினைச் சுற்றிவிடும் உருளை. ஐடிலிங்கில் டிரம் சுற்றாது, செயின் நிற்கும், ஆயிலும் நிற்கும். செயின் ஓடும்போது மட்டும் ஆயில் செலவாகட்டும் என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். வேறு சில மெஷின்களில் கிராங்கே (எஞ்சினின் சுழல் தண்டு) நேராகப் பம்பைச் சுற்றும், அவற்றில் ஐடிலிங்கிலும் கொஞ்சம் கசியும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாதவரை ஐடிலிங்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கிறேனே, அது செயினுக்குப் போகாதா?

போகாது. 2டி ஆயில் எஞ்சினுக்குள் பிஸ்டனையும் பேரிங்கையும் காத்துவிட்டு, எரிந்து புகையாக வெளியே போய்விடும். செயினுக்குத் தனி டேங்க், தனி மூடி. மூடியில் சொட்டும் செயினும் சேர்ந்த படம் இருக்கும். அவசரத்தில் ஆயில் டேங்கில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அப்படி ஆகிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் முழுவதும் கவிழ்த்துக் காயவைத்துவிட்டு, அப்புறம் ஆயில் ஊற்றுங்கள்.

ஆயில் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டினால் அப்படி என்ன ஆகிவிடும்?

நம் ஊர் 58 சிசி மெஷின்களின் 22 அங்குல பாரில் ஓடும் செயினில் 86 டிரைவ் லிங்க் (பார் பள்ளத்துக்குள் ஓடும் அடிப்பல்) இருக்கும். நீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும்போது செயின் நொடிக்கு ஏறக்குறைய 19 மீட்டர் ஓடுகிறது. அதாவது கண் இமைத்து முடிப்பதற்குள் பாரைப் பல தடவை சுற்றிவிடுகிறது. இரும்பின் மேல் இரும்பு இந்த வேகத்தில் உரசும்போது நடுவே எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் என்ன மிஞ்சும்?

முதலில் செயின் சூடாகி நீளும், தொங்கும். தொங்குகிறதே என்று நாம் இறுக்குவோம். அது ஆறும்போது சுருங்கி இன்னும் இறுகும், பார் முனையில் உள்ள சின்னச் சக்கரத்தையும் கிராங்க் பேரிங்கையும் இழுக்கும். பாரின் ஓரம் நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்து இரும்பின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், அது திரும்ப வராது. தானேவுக்குப் பிறகு, விழுந்து கிடந்த முந்திரி மரங்களை அறுத்துத் தள்ளிய அவசரத்தில் என் முதல் பாரை ஒரே வாரத்தில் நான் இப்படித்தான் இழந்தேன். பணம் போனதைவிட, சுற்றிலும் வீட்டுக் கூரைமேல் மரம் கிடக்கும்போது கையில் மெஷின் இல்லாமல் நின்றதுதான் வலித்தது.

செயின் அறுந்தால் ஆள்மேல் பாயும். அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

சரி, முதலில் எதைக் கழற்றுவது?

எஞ்சினை நிறுத்துங்கள், ஆறவிடுங்கள், பிளக் மூடியைப் பிடுங்கிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செயின் பிரேக்கைப் பின்னுக்கு இழுத்து விடுவித்த பிறகே மூடியைக் கழற்றுங்கள். பிரேக் மூடியோடு சேர்ந்து வரும் மெஷின்களில், பிரேக் போட்டபடி கழற்றினால் திரும்ப மாட்டும்போது டிரம்மின் மேல் இறங்காது.

பார் நட்டு இரண்டையும் கழற்றி மூடியை எடுத்ததும் உள்ளே கறுப்புச் சேறு அப்பியிருக்கும். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியான களிம்பு. மூங்கில் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் துடையுங்கள். இப்போது பாரை எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். மெஷினின் உடம்பில் ஆயில் வெளியேறும் வாயிலிருந்து எண்ணெய் இந்தத் துளை வழியாகத்தான் பாரின் பள்ளத்துக்குள் போகிறது. எங்களிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலும் அடைபட்டிருப்பது இதுதான். மெல்லிய கம்பியோ சைக்கிள் ஸ்போக்கோ விட்டு, மறுபக்கம் வெளிச்சம் தெரியும்வரை குத்துங்கள். கீழே இருக்கும் துளையையும் விட்டுவிடாதீர்கள், நாளை பாரைத் திருப்பிப் போடும்போது அதுதான் மேலே வரும்.

அடுத்து பள்ளம். நம் பகுதியின் மரங்கள் இதில் நன்றாக வேலை காட்டும். தென்னை அறுத்தால் நார் உள்ளே போய்த் திரித்த கயிறு மாதிரி இறுகிக்கொள்ளும். பண்ருட்டிப் பக்கம் பலா அறுத்தவர்களின் பாரில் பால் உறைந்து ரப்பர் போல ஒட்டியிருக்கும். பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம் இல்லையா, அதே வைத்தியம் இங்கேயும் பலிக்கும். பள்ளத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு, பழைய ஹாக்ஸா பிளேடின் துண்டால் அடியிலிருந்து முனைவரை ஒரே போக்கில் இழுங்கள்.  முனைச் சக்கரம் விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

பாரை மாட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை. பாரும் செயினும் இல்லாமல் பிளக் மூடியை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து முக்கால் ஆக்சிலேட்டர் கொடுத்து ஆயில் வாயைப் பாருங்கள். கை டிரம் பக்கம் போகக் கூடாது. கைலி, தோளில் துண்டு, தொங்கும் சட்டை, எதுவும் வேண்டாம். வாயில் எண்ணெய் ஊறி வழிகிறதா? அப்படியானால் பம்ப் நன்றாக இருக்கிறது, குற்றவாளி பார்தான், நீங்கள் ஏற்கெனவே அதைச் சரிசெய்துவிட்டீர்கள். பாரைச் சுத்தம் செய்த இதே வேலைக்கு இரண்டு பட்டறையில் “பம்ப் மாற்றினேன்” என்று பில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சோதனையை நீங்களே செய்து பாருங்கள் என்கிறேன்.

பாரைச் சுத்தம் செய்தும் வரவில்லை. வாயிலேயே ஆயில் இல்லை.

வாய்க்காலில் ஒரு படி மேலே போகலாம். டேங்கில் இருக்கும் ஆயிலை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மணலோ தூளோ கண்ணில் பட்டால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. முனையை வளைத்த கம்பியால் டேங்குக்குள் இருக்கும் டியூபை மெதுவாக வெளியே இழுங்கள். அதன் முனையில் சின்ன ஃபில்டர் இருக்கும். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி ஊதுங்கள். கழுவியும் வழிவிடாத ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள், விலை அற்பம். சில நேரம் ஃபில்டர் கழன்று டேங்கின் மூலையில் கிடக்கும், டியூப் மட்டும் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும்.

டியூப் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.   விரிசல் இருந்தால் அதன் வழியே காற்று புகும். பெரும்பாலும் பம்போடு சேரும் வளைவில்தான் ரப்பர் வெடிக்கும்.

பஞ்சர் கடைக் காற்றை ஆயில் வாயில் வைத்து வேகமாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் உள்ளே டியூபே பிடுங்கிக்கொள்ளும். காற்று அடிப்பதானால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, டேங்க் மூடியைத் திறந்துவைத்து, விட்டு விட்டு மெதுவாக.

டேங்க் மூடியைத் திறந்தால் ஆயில் வருகிறது, மூடினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

காற்று உள்ளே போகும் வழி அடைபட்டிருக்கிறது. எண்ணெய் வெளியே போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும், வராவிட்டால் உள்ளே வெற்றிடமாகி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வால்வ் சில மெஷின்களில் மூடியில் இருக்கும், சிலவற்றில் டேங்கின் சுவரில் பட்டாணி அளவு ரப்பராக இருக்கும். சுத்தம் செய்யுங்கள், சரிவராவிட்டால் மாற்றுங்கள். வால்வில் ஊசியால் ஓட்டை போட வேண்டாம், அப்புறம் ஆயில் அந்த வழியாகவே ஒழுகும்.

கிளட்சைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா? வீட்டில் செய்ய முடியுமா?

பார், வாய், ஃபில்டர், டியூப், வால்வ் எல்லாம் சரி, இன்னும் ஆயில் இல்லை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். பம்ப் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பொறுமை இருந்தால் வீட்டுத் திண்ணையில் வைத்தே செய்யலாம்.

பலர் தோற்பது இங்கேதான், காரணம் மரை. கிளட்சுக்கு இடது மரை. நாம் வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருப்பினால் அது இறுகும். கடிகாரமுள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். பல கிளட்சுகளில் கழற்ற வேண்டிய திசைக்கு அம்புக்குறியே போட்டிருப்பார்கள், கறுப்பைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கிளட்ச் சுற்றாமல் நிற்கப் பிஸ்டனைத் தடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைப் பிளக் துளையில் விட்டு நிறுத்தாதீர்கள், பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும். ஸ்டார்ட்டர் கயிற்றில் ஒரு முழம் துண்டு எடுத்து இரண்டு மூன்று முடிச்சுப் போடுங்கள். பிளக்கைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கிளட்சைக் கையால் கடிகாரமுள் பக்கம் திருப்புங்கள். பிஸ்டன் மேலேறி, சிலிண்டர் பக்கவாட்டில் இருக்கும் புகைவாயையும் மற்ற வாய்களையும் மூடித் தாண்டிய பிறகு, கயிற்றை உள்ளே விடுங்கள். ஒரு முனை வெளியே தொங்கட்டும். இந்த வரிசை முக்கியம். வாய் திறந்திருக்கும்போது கயிற்றை விட்டால் அது உள்ளே நுழைந்து பிஸ்டன் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடும். இப்போது பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு அதே கடிகாரமுள் பக்கம் அழுத்தித் திருப்பினால் பிஸ்டன் கயிற்றில் மெத்தென்று முட்டி நிற்கும், கிளட்ச் கழலும். உளி வைத்துத் தட்ட வேண்டாம். வார்ப்பிரும்பு உடைந்தால் கிளட்சும் புதிதாக வாங்க வேண்டியதாகிவிடும்.

சில மெஷின்களில் டிரம் வெளிப்பக்கம் இருக்கும், அதைச் சின்ன கிளிப் ஒன்று பிடித்திருக்கும். கிளிப்பை நெம்பும்போது மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். அது பறந்து மணலில் விழுந்தால் தேடுவது வீண்.

கிளட்ச், டிரம், ஊசி பேரிங், வாஷர் எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்குங்கள். கைபேசியில் படிக்குப் படி ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அப்புறம் கிராங்க் மேல் ஒரு வார்ம் கியர் தெரியும். திருகாணி போல மரை ஓடும் சின்னச் சக்கரம் அது. சில மெஷின்களில் உலோகம், பலவற்றில் பிளாஸ்டிக். அதன் பல்லில் பம்பின் பல் கோத்திருக்கும்.

பம்ப் வேலை செய்யும் விதம் எளிது. வார்ம் சுற்றும்போது பம்புக்குள் இருக்கும் சிறு தண்டும் சுற்றுகிறது. தண்டில் சரிவான வெட்டு ஒன்று இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அது இம்மி முன்னும் பின்னும் போய்வருகிறது. பின்னே வரும்போது எண்ணெயை உறிஞ்சும், முன்னே போகும்போது தள்ளும். பம்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி வெளியே எடுத்து, உறிஞ்சும் பக்கத்தை எண்ணெயில் வைத்து, பல்லை விரலால் சுற்றிப் பாருங்கள். மறுபக்கம் எண்ணெய் எட்டிப் பார்த்தால் பம்ப் பிழைத்திருக்கிறது. பல் தேய்ந்து மழுங்கியிருந்தால், அல்லது சுற்றவே மறுத்தால், மாற்றுங்கள். வார்மையும் பம்பையும் ஜோடியாக மாற்றுவதுதான் என் பழக்கம். தேய்ந்த பல்லோடு புதுப் பல்லைக் கோத்தால் புதியதும் சீக்கிரம் போய்விடும். இரண்டும் சேர்ந்தாலும் 58 சிசி மெஷின்களுக்குச் சில நூறு ரூபாய்தான். கடைக்குப் போகும்போது பழைய பார்ட்டைக் கையோடு கொண்டு போங்கள், வெளியே ஒரே மாதிரி தெரியும் மெஷின்களுக்குள் பல் எண்ணிக்கை வேறாக இருக்கும்.

திரும்ப மாட்டும்போது ஒன்றில் கவனம் வேண்டும். வார்மிலிருந்து மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வகையானால், அந்தக் கம்பி டிரம்மின் ஓரத்தில் இருக்கும் வெட்டுக்குள் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் எல்லாம் புதிதாக இருந்தும் ஒரு சொட்டு வராது. ஊசி பேரிங்குக்குக் கொஞ்சம் கிரீஸ். கயிற்றை வெளியே எடுக்க மறந்து ஸ்டார்ட்டரை இழுத்துவிடாதீர்கள்.

புது மெஷின், ஒரு மாதம்கூட ஆகவில்லை. வார்ம் பல் எப்படி உருகியது?

செயின் பிரேக்கைப் பாருங்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு வந்த உருகிய வார்ம்களில் நான் கண்ட கதை பெரும்பாலும் ஒன்றேதான். முன்கைப் பக்கத்து பிரேக் விழுந்திருந்தது தெரியாமல், “செயின் சுத்த மாட்டேங்குது” என்று ஆக்சிலேட்டரை விடாமல் அழுத்தியிருக்கிறார்கள். டிரம் நிற்க, கிளட்ச் ஷூ உள்ளே உரசி உரசிக் காய்கிறது. பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் இளகிவிடுகிறது. கருகிய வாடை வந்தால் அப்போதே நிறுத்த வேண்டும். செயின் மரத்தில் சிக்கி நின்றபோதும் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் இதே கதிதான்.

கீழே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறதே, அதைத் திருப்பினால் போதாதா?

அது அளவைக் கூட்டிக் குறைக்க. முழுவதும் நின்றுபோன ஆயிலை அது கொண்டுவராது. சவுக்கு போன்ற கெட்டி மரம், காய்ந்த மரம், நீளமான பார் என்றால் கூட்டி வையுங்கள். சிறிய மெஷின்கள் சிலவற்றில் இந்த ஸ்க்ரூவே கிடையாது.

எந்த ஆயில் ஊற்றுவது? வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயில் ஊற்றலாமா?

செயின் ஆயில் என்றே கேட்டு வாங்கி ஊற்றினால் எந்தக் கேள்வியும் இல்லை. அதில் ஒட்டும் தன்மைக்கென்று ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். விரலில் தொட்டுப் பிரித்தால் நூல் இழுக்கும். பாரின் முனையில் திரும்பும்போது சிதறிப்போகாமல் செயினிலேயே தங்க அதுதான் உதவுகிறது. கிடைக்காத நாளில் புதிய 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் ஊற்றி ஓட்டலாம். நம் ஊர் வெயிலில் அது இளகிச் சீக்கிரம் தீரும், அடிக்கடி டேங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். சும்மா கிடைக்கிறது என்றுதான் எல்லோரும் ஊற்றுகிறார்கள், எனக்கு அதன் மேல் உள்ள கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதில் எஞ்சினிலிருந்து தேய்ந்து வந்த இரும்புத்துகள் இருக்கிறது, அது பம்பின் தண்டை அரம் போல அராவும். கரி ஃபில்டரை அடைக்கும். அதைவிட முக்கியம், அந்த எண்ணெய் நாள் முழுக்க உங்கள் கையிலும் முகத்திலும் தெறிக்கிறது. பயன்படுத்திய எஞ்சின் ஆயிலில் புற்றுநோயைத் தூண்டும் பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. தோட்டத்து மண்ணிலும் கிணற்றடியிலும் சிந்துவதும் அதுவேதான். ஒரு லிட்டர் ஆயிலின் காசை இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கியர் ஆயில் 90 ஊற்றுபவர்களும் உண்டு. கெட்டியாக இருப்பதால் சின்னப் பம்ப் இழுக்கத் திணறும், பிளாஸ்டிக் பல்லுக்குப் பாரம் ஏறும்.

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய்?

தாவர எண்ணெய் வழுக்கும், மண்ணுக்கும் கேடில்லை. ஐரோப்பாவில் கடுகு இனத்து எண்ணெயில் செய்த செயின் ஆயிலே விற்கிறார்கள், ஆனால் அதில் கெடாமலிருக்க வேறு பொருட்கள் சேர்ந்திருக்கும். நம் வீட்டுக் கடலை எண்ணெயை ஊற்றி மெஷினை இரண்டு மாதம் மூலையில் வைத்தால் பிசினாகி எல்லாத் துளைகளையும் அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி, தை விடியலில் நம் கடலூரிலேயே பாட்டிலில் உறைகிறதே, டியூபுக்குள்ளும் அப்படித்தான். அவசரத்துக்கு ஊற்றினால் அன்று மாலையே காலி செய்துவிட்டுச் செயின் ஆயில் ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றிச் செயினைக் குளிர வைக்கலாமா?

கூடாது. துருவும் உரசலும்தான் மிஞ்சும்.

புது பார் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்துதான் ஆயில் வரவில்லை.

பாரின் துளை மெஷினின் ஆயில் வாய்க்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். நீளம் ஒன்றாக இருந்தாலும் அடிப்பகுதியின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போல்ட்டில் உட்கார்ந்துவிடும், துளை மட்டும் அரை விரல் தள்ளி நிற்கும். எண்ணெய் முழுக்கப் பாருக்குப் பின்னால் ஒழுகித் தரையில் சொட்டும். பாருக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகட்டைத் துடைக்க எடுத்துவிட்டு மாட்ட மறந்தாலும் இதேபோல்தான் ஒழுகும்.

ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் தரையெல்லாம் ஆயில். இது கோளாறா?

உள்ளங்கை அகல ஈரம் என்றால் கோளாறு இல்லை. பாரிலும் பள்ளத்திலும் தங்கியது வடிந்திருக்கும், பகல் வெயிலில் டேங்கும் விரிந்து கொஞ்சம் தள்ளும். டேங்க் பாதி காலியாகும் அளவுக்கு ஒழுகினால் டியூபையும் காற்று வால்வையும் பார்க்க வேண்டும்.

தோப்பில் பாதி மரம் அறுத்தபோது ஆயில் நின்றுவிட்டது. பட்டறைக்கு வர வழியில்லை. என்ன செய்வது?

புயலுக்கு மறுநாள் இந்தக் கேள்வி போனில்தான் வரும். கூரைமேல் வேம்பு கிடக்கும், கரண்ட் இருக்காது, சாலையும் மூடியிருக்கும். அவர்களிடம் நான் சொல்வது: எஞ்சினை நிறுத்துங்கள். பாரைக் கழற்றித் துளையையும் பள்ளத்தையும் குத்திவிடுங்கள், அதற்குப் பத்து நிமிடம் போதும், பாதிப் பேருக்கு அங்கேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால், எஞ்சின் நின்றிருக்கும்போது மட்டும், பிரஷ்ஷால் செயினின் அடிப்பல் எல்லாவற்றிலும் ஆயில் தடவுங்கள். செயினைக் கையுறையோடு நகர்த்தி நகர்த்தி முழுச் சுற்றும் தடவ வேண்டும். ஒரு சிறு கிளை, நிறுத்து, தடவு. பெரிய அடிமரத்தை இந்த முறையில் தொடாதீர்கள். ஓடும் செயினில் பாட்டிலால் ஊற்றுவது, இன்னொருவரை நிறுத்தி ஊற்றச் சொல்வது, இரண்டும் கையைக் காவு வாங்கும்.

பாதி அறுத்த மரம் நின்றுகொண்டிருந்தால் அதனடியில் உட்கார்ந்து மெஷினைப் பிரிக்காதீர்கள். ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுத் தள்ளி வந்து வேலையைப் பாருங்கள்.

ஆயில் நன்றாக வருகிறது. ஆனாலும் அறுக்கும்போது புகை.

செயின் மழுங்கியிருக்கிறது. விழும் தூளைப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் கூர் இருக்கிறது, மாவாக வந்தால் இல்லை. தென்னையிலும் பனையிலும் மணல்சத்து இருப்பதால் கூர் இன்னும் வேகமாகப் போகும். அராவிக்கொண்டு அறுங்கள், நீங்கள் அழுத்தினால்தான் மெஷின் அறுக்கிறது என்ற நிலை வரவே கூடாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் என்ன பார்த்து வைக்க வேண்டும்?

புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆயில் டேங்கை மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்து, காய்ந்த பின் புது ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டரை அலசுங்கள், பாரைத் திருப்பிப் போடுங்கள், தாளை விரித்து எண்ணெய்க் கோடு விழுகிறதா என்று பாருங்கள். ஒரு உதிரி ஃபில்டர், ஒரு செயின், ஒரு லிட்டர் ஆயில், முடிச்சுப் போட்ட அந்தக் கயிறு, இவற்றை மெஷின் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, கடையில் முதலில் தீர்ந்துபோவது செயினும் ஆயிலும்தான்.